ஏழரை மாவைத் தாண்டினால்: மனைப்பிரிவில் ஏழைகளின் பங்கைக் கேட்கப் போகிறவர்களுக்கு

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்குப் பேருந்தில் போகிறீர்கள் என்றால் ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே வாருங்கள். வயல், வாய்க்கால், கோயில் மதில், மறுபடி வயல், அப்புறம் கலர் கொடி நட்ட மனைப்பிரிவு. 'டி.டி.சி.பி. அப்ரூவ்டு, ரெரா பதிவு பெற்றது, வங்கிக் கடன் வசதி உண்டு' என்று போர்டு சொல்லும். டி.டி.சி.பி. என்பது நகர் ஊரமைப்புத் துறை, ரெரா என்பது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். மனைப்பிரிவு பெரியதாக இருந்தால் அதன் வரைபடத்தில் போர்டில் எழுதாத ஒரு விஷயமும் இருக்க வேண்டும்: பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கு ஒதுக்கிய மனைகள்.

அந்த மனைகள் எங்கே, யார் கையில் இருக்கின்றன என்று உள்ளாட்சிக் கூட்டத்தில் கேட்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவர், வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பியவர், முதல்முறை கிராம சபைக்குப் போகிறவர், முதல்முறை கவுன்சிலரானவர் என்று யாராக இருந்தாலும் சரி. நான் பார்த்தவரையில், கூட்டத்தில் யாரோ எழுந்து எதிர்த்ததால் ஏழை மனை போனதில்லை. கூட்டத்துக்கு வருவதற்கு முன்பே வரைபடத்தில் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். கூட்டம் முடிந்து ஒன்றிரண்டு வருஷத்தில் பத்திரத்தில் கைமாறிவிடும். அதனால் கூட்டத்தில் பேசும் அந்தப் பத்து நிமிஷத்தைவிட அதற்கு முன்னும் பின்னும் செய்யும் வேலைக்குத்தான் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் கணக்கு

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் வந்தன. இரண்டு எண்களை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மிச்சத்தில் 10 சதவீதம் பூங்கா, விளையாட்டிடம் போன்ற திறந்தவெளிக்கு. இதைத்தான் ஓ.எஸ்.ஆர். இடம் என்பார்கள். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், அதே மிச்சத்தில் இன்னொரு 10 சதவீதம் நலிந்த பிரிவினருக்கான மனைகளுக்கு. வரைபடத்தில் 'ஈ.டபிள்யூ.எஸ்.' என்று போட்டிருக்கும்.

சதுர மீட்டர் நம் பக்கத்தில் யாருக்கும் பிடிபடாது. குழிக்கணக்கில் சொல்கிறேன். ஒரு குழி 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. 3,000 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய இரண்டேகால் மா. 10,000 சதுர மீட்டர் ஏறக்குறைய ஏழரை மா. ஏழரை என்றால் நமக்குச் சனி ஞாபகம் வரும், மனை போடுகிறவர்களுக்கும் அப்படித்தான் போலிருக்கிறது. இவர் பெயரில் ஏழு மா, அதை ஒட்டியே மச்சான் பெயரில் இன்னொரு ஏழு மா, இரண்டுக்கும் ஒரே நுழைவு வளைவு. இப்படிப் பார்த்தால் சர்வே எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

ஒரு மாதிரிக் கணக்கு. பத்து மா நிலம், அதாவது 1,000 குழி. சாலைக்கு 300 குழி போகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 700 குழி. பூங்காவுக்கு 70 குழி, நலிந்தோர் மனைகளுக்கு 70 குழி. 70 குழி என்பது 10,080 சதுர அடி. மனை ஒன்றுக்கு 480 சதுர அடி என்றால் 21 குடும்பம். கூட்டத்தில் 'பத்து சதவீதம்' என்று சொன்னால் யார் காதிலும் ஏறாது. '21 குடும்பம்' என்று சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்து மாண்ட்கோமரி கவுண்டி போன்ற இடங்களில், புதுக் குடியிருப்புகளில் எத்தனை பங்கு மலிவு வீடாக இருக்க வேண்டும் என்பதை 1970-களிலிருந்தே உள்ளூர் மன்றம்தான் விவாதித்து முடிவு செய்கிறது. இங்கே விகிதத்தை மாநில விதி முடிவு செய்கிறது. உங்கள் ஊராட்சியோ மாமன்றமோ பத்தை இருபதாக்க முடியாது. அப்படித் தீர்மானம் போட்டால் அது கோரிக்கையாக மேலே போகும், அவ்வளவுதான். பத்து உண்மையிலேயே பத்தாக இருக்கிறதா, அது ஏழையிடம் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கும் இடத்தில்தான் உள்ளாட்சிக்குப் பிடி இருக்கிறது.

எந்த மேசையில் எது

மனைப்பிரிவுக்குத் தொழில்நுட்ப ஒப்புதல் தருவது நகர் ஊரமைப்புத் துறை. அதன்பின் சாலையையும் பூங்கா இடத்தையும் உரிமையாளர் உள்ளாட்சியின் பெயருக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைப் பெற்றுக்கொண்டு உள்ளாட்சி இறுதி ஒப்புதல் தரும். நலிந்தோர் மனைகள் தானப் பத்திரத்தில் வராது என்பதைக் கவனியுங்கள். அவை உரிமையாளரிடமே இருக்கும், அவரே விற்பார். அந்தப் பயனுக்கு மட்டும்தான் விற்க வேண்டும், மனைகளை ஒன்றாகச் சேர்க்கவோ வேறு பயனுக்கு மாற்றவோ கூடாது என்று விதி சொல்கிறது. ஆனால் வாங்குகிறவர் யார் என்று பார்த்துக்கொண்டு வாசலில் யாரும் நிற்பதில்லை. கோளாறு முழுக்க இந்த இடத்தில்தான்.

பெரிய கட்டடங்களுக்கு உறைவிடக் கட்டணம் என்று ஒன்றும் வசூலிக்கிறார்கள். அது மாநில அளவிலான நிதி. உங்கள் ஊர்க் கணக்கில் வந்து விழும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

யாரிடம் கேட்பது என்பது நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. தஞ்சாவூர் 2014-இல் மாநகராட்சியானது, கும்பகோணம் 2021-இல். அங்கே மாமன்றக் கூட்டம். நகராட்சியானால் நகர்மன்றம், பேரூராட்சிக்கும் தனி மன்றம். நகரத்துக்காரர்களுக்கு வார்டு குழுவும் பகுதி சபையும் 2022-இல் வந்தன. கிராமத்தில் கிராம சபை. 2019 கடைசியில் தேர்தல் நடந்த ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள், டெல்டா ஊராட்சிகளும் அதில் அடக்கம். தலைவர் நாற்காலி காலியாக இருந்தாலும் கிராம சபைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான், இதற்கெல்லாம் மேலே இருக்கிறது. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி வரைவு வெளியானதும் ஆட்சேபணை சொல்லக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். எந்தப் பக்கம் குடியிருப்பு, எந்தப் பக்கம் விவசாயம் என்பது அங்கேதான் தீர்மானமாகிறது. தனித்தனி நிலங்களுக்கு உபயோக மாற்றம் கேட்கும் அறிவிப்புகள் நாளிதழில் பொடி எழுத்தில் வரும். டீக்கடையில் சினிமாப் பக்கத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 'டெல்டாவைத்தான் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்தாச்சே, எப்படி மனை போடுறாங்க?' என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் கேட்பார். 2020-இல் வந்த அந்தச் சட்டம் எண்ணெய், எரிவாயுக் கிணறு, உருக்காலை போன்ற தொழில்களைத்தான் தடுக்கிறது. மனைப்பிரிவைத் தடுக்கவில்லை. நஞ்சையை மனையாக்க வேறு வழிமுறை இருக்கிறது. திட்டப் பகுதிக்கு வெளியே இருந்தால் வேளாண் துறையின் கருத்து வேண்டும். வேளாண் மண்டலச் சட்டத்தை நம்பி வாதாடினால் முதல் நிமிஷத்திலேயே உங்களை உட்கார வைத்துவிடுவார்கள்.

உங்கள் பட்டியல்

கூட்டத்துக்குப் போவதற்கு முன் ஒரு நோட்டு வாங்குங்கள். ஊரில் மனை இல்லாத குடும்பங்கள் எத்தனை? இதைத் தெரிந்துகொள்ளாமல் பேசினால் 'இங்கே யாருங்க வீடில்லாம இருக்கா?' என்ற ஒரே கேள்வியில் பேச்சு அடங்கிவிடும்.

வீடு இல்லாதவர் என்றால் தெருவில் படுப்பவர் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நம் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரு கூரை இருக்கும், அதன் அடியில் இருக்கும் மண்தான் யாருடையதாகவோ இருக்கும். அதனால் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் அந்த மண் என்ன வகை என்று எழுதுங்கள்.

நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலத்தில் இருப்பவருக்குப் பெரும்பாலும் பட்டா வாங்குவதுதான் வேலை. அவர் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டியவர், மனைப்பிரிவுக் கூட்டத்துக்கு அல்ல. கோயில் அல்லது மடத்து மனையில் தரைவாடகை கொடுத்துக் குடியிருப்பவர்கள் டெல்டாவில் ஏராளம். கும்பகோணம் பக்கம் தெருத்தெருவாக இருக்கிறார்கள். அந்த மனைக்கு ஊராட்சி பட்டா தர முடியாது. வாய்க்கால் புறம்போக்கிலும் குளத்தங்கரையிலும் இருப்பவர்கள் மூன்றாம் வகை. நீர்நிலைப் புறம்போக்கைப் பட்டாவாக்க முடியாது. ஆக்கிரமிப்பு அகற்றும் நோட்டீஸ் வந்தால் முதலில் எழும்ப வேண்டியவர்கள் இவர்கள்தான். நான்காவது, அண்ணன் தம்பி மூன்று குடும்பம் ஒரே வீட்டில் அடுப்பு மட்டும் பிரித்து இருப்பது. இது எந்தக் கணக்கெடுப்பிலும் சரியாக வராது. குடும்ப அட்டையை வைத்து எண்ணுங்கள்.

பழைய ஆட்களிடம் பேசும்போது 'குடியிருப்புச் சட்டம்' என்ற சொல் காதில் விழும். பண்ணையார் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்தக் குடிசை இருந்த மனையைச் சொந்தமாக்கிய 1971-ஆம் ஆண்டுச் சட்டம் அது. அப்போது கிடைத்த மனையை இன்றைக்குப் பேரன்கள் நான்காகப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம், திருத்துறைப்பூண்டிப் பக்கம் கூரை பறந்த வீடுகளில் எத்தனைக்கு மனைப் பத்திரம் இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். அரசுத் திட்டத்தில் வீடு கட்டப் பணம் வரும். 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் மூன்றரை லட்ச ரூபாய் என்று அறிவித்தார்கள். ஆனால் கட்டுவதற்குச் சொந்தமாக மண் வேண்டுமே. நலிந்தோர் மனை யாருக்குத் தேவை என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம்.

வரைபடத்தைப் பிடிப்பது

மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். குறுவைக்குத் தண்ணீர் வருவதற்குள் கோடையில் வயலில் கிராவல் அடித்துவிடுவார்கள். சித்திரை வைகாசியில் ஒரு வயலில் லாரி மண் விழுந்தாலோ, புதிதாகக் கல் நட்டாலோ உங்கள் வேலை அன்றைக்கே தொடங்குகிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண் கேளுங்கள். நிலத்தின் வகையும் உரிமையும் எழுதியிருக்கும் அ-பதிவேட்டையும், அதன் எல்லைகளை வரைந்திருக்கும் புலப்படத்தையும் அரசின் இணைய சேவைத் தளத்தில் பார்க்கலாம். பக்கத்தில் வாய்க்காலோ வடிகாலோ புலப்படத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். நேரில் தூர்ந்து போயிருந்தாலும் புலப்படத்தில் ஓடும்.

பிறகு மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு ஒரு மனு: இந்தச் சர்வே எண்களில் மனைப்பிரிவு விண்ணப்பம் வந்திருக்கிறதா, அடுத்தடுத்த சர்வே எண்களில் வேறு விண்ணப்பங்கள் உண்டா, அவற்றைச் சேர்த்துப் பரிசீலிக்க வேண்டும். மச்சான் பெயர் விவகாரத்தை இங்கேதான் எழுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டினால் போதும், முப்பது நாளில் பதில் தர வேண்டும். மனுவை இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் சீலும் தேதியும் வாங்குங்கள். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு அலுவலகத்தில் மூன்று முறை கொடுத்த மனுவை 'வரவே இல்லையே' என்றார்கள். என் கையில் காட்ட ஒரு சீல்கூட இல்லை.

ஒப்புதல் முடிந்துவிட்ட மனைப்பிரிவு என்றால் இன்னும் சுலபம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரெராவில் பதிந்தாக வேண்டும். பதிந்ததன் வரைபடத்தை ரெரா இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

வரைபடம் கைக்கு வந்ததும் பேனாவோடு உட்காருங்கள். மொத்தப் பரப்பு, சாலை, பூங்கா, நலிந்தோர் மனை என்று ஓரத்தில் ஒரு அட்டவணை இருக்கும். சாலையைக் கழித்துப் பத்தில் ஒன்று வருகிறதா என்று போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வரும். கணக்கில் கோட்டை விடுகிறவர்கள் குறைவு. அடுத்து, அந்த மனைகள் படத்தில் எந்த மூலையில் இருக்கின்றன என்று பாருங்கள். நான் பார்த்த பல வரைபடங்களில் வடிகால் ஓரப் பள்ளத்தில், உயரழுத்த மின்கம்பிக்குப் பக்கத்தில், அல்லது பின்பக்க வண்டிப்பாதையில் இறங்கும்படி இருந்தன. ஐப்பசி கார்த்திகையில் அந்த மூலையில் முழங்கால் தண்ணீர் நிற்கும். படத்தை எடுத்துக்கொண்டு நேரில் போய் நின்று பாருங்கள், முடிந்தால் ஒரு நல்ல மழைக்கு மறுநாள். பக்கத்து வயல்காரரிடம் 'இங்கே எவ்வளவு தண்ணி நிக்கும்?' என்று கேளுங்கள். அவர் காட்டும் உயரத்தை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில்

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மே 1 கூட்டம் நமக்கு முக்கியம், மண் அடிக்கும் பருவம் அது. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை இருக்கும் ஊராட்சியில் 100 பேர் வர வேண்டும், 10,000 வரை 200 பேர். உங்கள் பட்டியலில் உள்ள குடும்பங்களிலிருந்து வீட்டுக்கு ஒருவர் வந்தாலே தேவையான அந்த எண்ணிக்கையில் பாதி உங்களுடையது. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களிடம் முதலில் சொல்லுங்கள். ஆண்கள் 'பார்க்கலாம்' என்பார்கள், பெண்கள் வருவார்கள்.

வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது வேறு, தீர்மானத்தை ஒப்புக்கொள்வது வேறு. தீர்மானம் எழுதி முடிவதற்குள் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துக் கேட்டால் 'படிச்சுக் காட்டுங்க சார், போடுறேன்' என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு நில்லுங்கள்.

நகரத்தில் கதை வேறு. மாமன்றத்திலும் நகர்மன்றத்திலும் பேசும் உரிமை கவுன்சிலருக்குத்தான். அதனால் கூட்டத்துக்குச் சில நாள் முன்பு உங்கள் வார்டு கவுன்சிலர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். அஜெண்டா அவர் கையில் இருக்கும். 'மனைப்பிரிவுக்கு இறுதி ஒப்புதல்', 'தானப் பத்திரம் ஏற்பு' என்ற பொருள் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் ஒரு பக்கத்தில் மூன்று கேள்வி எழுதிக் கொடுங்கள், மூன்றுக்கு மேல் வேண்டாம். ஐம்பது பொருளைப் படபடவென்று 'தீர்மானம் நிறைவேறியது' என்று ஓட்டிக்கொண்டு போகும் கூட்டத்தில் அவருக்கும் மூச்சுவிட நேரம் வேண்டும்.

எதிர்ப்பு வரும். 'அவங்க வந்தா மனை விலை இறங்கிடும்' என்பார்கள். 'அவங்க' என்றால் யார் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுக்கப்போவதாக 2025-இல் அறிவிப்பு வந்தது. சொல் போகும், தனிப்பாதையும் தனி வாசலும் வரைபடத்தில் அப்படியே நிற்கும். இதற்குக் கோபப்பட்டால் பேச்சு சாதிச் சண்டையாக மாறும், தலைவர் அடுத்த பொருளுக்குப் போய்விடுவார். விதியை மட்டும் பேசுங்கள்: இந்த மனைகள் இருப்பதாகக் காட்டித்தான் முழு மனைப்பிரிவுக்கும் ஒப்புதல் வாங்கியிருக்கிறார்கள், உங்கள் மனையும் அந்த ஒப்புதலில்தான் நிற்கிறது. மனை வாங்கினவர்களிடம் இதைச் சொன்னால் கொஞ்சம் யோசிப்பார்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகு எத்தனை பேர் அலைந்தார்கள் என்பது யாருக்கும் மறக்கவில்லை.

கேட்பதைத் தீர்மான மொழியிலேயே எழுதிக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அரை மணி நேரம் பேசியது 'பொதுமக்கள் வீட்டுமனை கோரினர்' என்று ஒரே வரியாகப் பதிவாகும். ஒரு மாதிரி:

'நமது ஊராட்சி எல்லைக்குட்பட்ட சர்வே எண் ... மனைப்பிரிவில் நலிவுற்ற பிரிவினருக்கென ஒதுக்கப்பட்ட மனை எண்கள் ... முதல் ... வரை உள்ளவற்றை ஒன்றிணைத்தோ வேறு பயன்பாட்டிற்கு மாற்றியோ அளிக்கப்படும் கட்டட அனுமதி விண்ணப்பங்களை ஏற்கலாகாது எனவும், மேற்படி மனைகளின் எண்களை ஊராட்சி அலுவலகத் தகவல் பலகையில் எழுதி வைக்கவும், மனையற்ற குடும்பங்களின் இணைப்புப் பட்டியலை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பவும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.'

இதில் கட்டட அனுமதி என்ற சொல்லை எடுத்துவிடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மற்றவை தகவல் சொல்வதும் வேண்டுகோளும்தான். அது மட்டும்தான் உள்ளாட்சியின் கையிலேயே இருக்கும் தடுக்கும் அதிகாரம். தீர்மான நகலை வாங்கி, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் பட்டியலோடு சேர்த்துக் கொடுங்கள்.

அதற்கப்புறம்

கூட்டம் முடிந்தது என்று நோட்டை மூடிவிடாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த மனை எண்களுக்குப் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பாருங்கள், கட்டணமில்லை. ஒரே ஆள் பெயரிலோ ஒரே வீட்டு முகவரியிலோ நான்கு மனை பதிவாகியிருந்தால் அதை அச்செடுத்து, ஒப்புதல் வரைபடத்தோடு சேர்த்து நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் உள்ளாட்சிக்கும் அனுப்புங்கள். தீர்மான எண்ணை மறக்காமல் எழுதுங்கள்.

அப்புறம், அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எல்லைக்கல்லைப் பாருங்கள். நான்கு மனையைச் சேர்த்து ஒரே காம்பவுண்டுச் சுவருக்கு அஸ்திவாரம் தோண்டியிருந்தால் அன்றைக்கே போட்டோ எடுத்து, அன்றைக்கே மனு கொடுங்கள். சுவர் எழும்பி இரும்புக் கேட் போட்டு நாயும் கட்டிவிட்டார்கள் என்றால், அளக்க வரும் சர்வேயர்கூட வெளியிலேயே நின்றுவிட்டுத் திரும்பிவிடுவார்.